முதல் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு பைட்

என் அண்ணிக்குக் கோபமே வராது என்று எல்லாரும் மெச்சுவார்கள். ஒரே வீட்டில் பதினேழு வருஷம் கூட இருந்து பார்த்தால்தான் அது எப்பேர்ப்பட்ட தொல்லை என்று தெரியும். எனக்கு மூக்கு நுனியில் கோபம். நான் பத்து வார்த்தை கத்தினால் பதிலுக்கு ஒரு வார்த்தையாவது வர வேண்டாமா? வராது. "சரி, அப்புறம்?" என்பார். அதற்கு மேல் என்னத்தைச் சண்டை போடுவது?

இன்னொரு குணமும் உண்டு. எதையும் முதலிலிருந்து ஆரம்பிக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை ஒரு கதை சொல்லிக்கொண்டிருப்பார், யாராவது கதவைத் தட்டினால் பாதியில் எழுந்து போய்விடுவார். புதன்கிழமை நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்று, "அதுக்கப்புறம் அந்தக் கண்டக்டர் கீழ இறங்கி என்ன பண்ணான் தெரியுமா?" என்பார். எந்தக் கண்டக்டர், எந்த பஸ் என்று நான்தான் வாயில் நுரையோடு யோசிக்க வேண்டும். என் அண்ணன் இதற்குப் பழகிவிட்டான். எங்கே நின்றது என்று அவனே ஞாபகம் வைத்துக்கொள்கிறான், பாவம்.

நானும் அண்ணியும் ஒரே மருத்துவமனையில் வேலை பார்க்கிறோம். எனக்கு இரண்டாம் மாடியில் வேலை. மறுநாள் யாருக்கு எந்த அறையில் எத்தனை மணிக்கு ஆபரேஷன் என்று பட்டியல் போடுகிறவள் நான். அண்ணி தரைத்தளத்தில், ஸ்கேன் அறைக்கும் துணி ஏற்றும் லிஃப்டுக்கும் நடுவில் உள்ள ஜன்னல் இல்லாத அறையில் இருக்கிறார். ஸ்கேன் படங்களைச் சேர்த்து வைப்பதும், கேட்கிற டாக்டருக்கு எடுத்துக் கொடுப்பதும் அவர் வேலை. முதலில் எல்லாம் பெரிய பெரிய உறைகளில் ஃபிலிமாக இருந்தது. அப்புறம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள். அதை வைத்துக் கொடுத்த இன்ஜினியர் ஒரு தாளில் ஆறு கட்டளைகளை எழுதி மேஜையில் ஒட்டிவிட்டுப் போனவர்தான், திரும்பி வரவே இல்லை.

அந்த மெஷினில் படமோ பொத்தானோ கிடையாது. கறுப்புத் திரை. வேண்டியதை எழுத்தில் தட்ட வேண்டும். வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். அண்ணிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "கேட்டத குடுக்குது. இல்லைன்னா இல்லைங்குது. உன்ன மாதிரி ஊரச் சுத்தி வர்றதில்ல" என்று என்னிடமே சொன்னார். ஆறு கட்டளை அறுபதாயிற்று. எல்லாவற்றையும் ஒரு நீல அட்டை நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்.

வெளி ஸ்கேன் சென்டர்களிலிருந்து பெரிய பெரிய ஃபைல்கள் வரும். எங்கள் மருத்துவமனை லைனோ, நினைத்தால் வரும், நினைத்தால் போகும். மற்றவர்கள் டவுன்லோடு போட்டுவிட்டுச் சாப்பிடப் போவார்கள், திரும்பி வந்தால் முக்கால்வாசியில் அறுந்து கிடக்கும், மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். அண்ணி ஒரு கட்டளை கண்டுபிடித்து வைத்திருந்தார். ஏற்கெனவே கையில் எவ்வளவு இருக்கிறது என்று மெஷினே பார்த்துக்கொள்ளும். "இதுக்கு மேல இருக்கறத மட்டும் அனுப்பு" என்று எதிர்ப்பக்கம் கேட்கும். வந்ததைப் பழையதன் வாலில் ஒட்டும். அவர் குணத்துக்கென்றே யாரோ செய்து வைத்த மாதிரி கட்டளை.

போகப் போக எந்தப் பிரிவில் டவுன்லோடு நின்றாலும் அண்ணியிடம்தான் ஓடி வருவார்கள். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே கேட்பார்: "எவ்ளோ வந்து நின்னுச்சு? எவ்ளோ நேரத்துல நின்னுச்சு? கடைசியா என்ன எழுதியிருந்துச்சு?" ஒவ்வொரு தடவையும் ஒரே அளவில் நின்றால் டிஸ்கில் இடம் இல்லை என்பார். ஒரே நேரத்தில் நின்றால் லாகின் காலாவதி ஆகிறது என்பார். கண்ட கண்ட இடத்தில் நின்றால் லைன் கோளாறு, போய் வேறு வேலையைப் பாருங்கள் என்பார். ரத்தப் பரிசோதனைப் பிரிவு டாக்டர் ஒருவர் இதற்காக மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் வந்து கேட்டபோது, அரை நிமிஷத்தில் அனுப்பி வைத்தார். எனக்குப் பெருமைதான். வீட்டில் காட்டிக்கொள்ள மாட்டேன்.

இப்போது வேன்காரர் விஷயத்துக்கு வருகிறேன்.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், நாற்பத்து நாலு வயசு. தலைசுற்றல் என்று வந்தார். ஸ்கேன் எடுத்ததில் தலைக்குள் பட்டாணி அளவில் ஒரு கட்டி தெரிந்தது. இருந்த இடம் பொல்லாத இடம், பேச்சு நரம்பை ஒட்டினாற்போல. அவர் பெண்சாதி சொன்னாள், அஞ்சு வருஷம் முன்னால் ஏணியிலிருந்து விழுந்தபோது இங்கிருந்துதான் வேறொரு சென்டருக்கு அனுப்பித் தலையை ஸ்கேன் எடுத்தார்கள், அடி ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள் என்று. எங்கள் ஆபரேஷன் டாக்டரம்மா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தப் படம் எனக்கு வேணும். அப்பவே இது இதே அளவுல இருந்திருந்தா நான் தலையைத் திறக்கவே மாட்டேன். வருஷத்துக்கு ஒரு தடவ பாத்துக்கிட்டாப் போதும். நாலு நாளைக்குள்ள கிடைக்கலைன்னா வளருதுன்னுதான் வெச்சுக்கணும். மறுநாள் காலைல முதல் கேஸ்."

"திறந்தா பேச்சு போயிடுமா டாக்டர்?" என்று பெண்சாதி கேட்டாள்.

"போகலாம். போகாமலும் இருக்கலாம். நான் பொய் சொல்ல விரும்பல."

வேன்காரர் அதிலிருந்து வாயைத் திறக்கவில்லை. போனால் போகட்டும் என்று இப்போதே பழகிக்கொள்கிற மாதிரி பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பழைய சென்டரை இழுத்து மூடி ஒரு மாசம் ஆகிறது. எங்கள் மருத்துவமனை அனுப்பின நோயாளிகளின் படங்களை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி ஒரு சர்வரில் வைத்திருக்கிறோம், இன்ன தேதி சாயங்காலம் அஞ்சு மணி வரைதான் இருக்கும் என்று கடிதம் எழுதியிருந்தார்கள். கடிதம் சூப்பிரண்டு மேஜையில் ஒன்பது நாள் தூங்கியது. அண்ணி கைக்கு வந்தது கடைசி நாள், அதாவது ஆபரேஷனுக்கு முந்தின நாள், காலை எட்டரை மணிக்கு. மூட்டை இருபத்தாறு ஜிபி. எங்கள் லைனுக்கு ஏழு மணி நேரத்துக்குக் குறையாது. அதாவது ஒரே ஒரு தடவைதான் இறக்க முடியும். கடிதத்தில் இருந்த போனில் அடித்துப் பார்த்தோம், எடுக்க ஆள் இல்லை.

எட்டு நாற்பதுக்கு அண்ணி ஆரம்பித்தார். காலை வேளையில் அந்த அறைவாசல் சந்தைக்கடைதான். ஒருவர் படம் கேட்பார், ஒருவர் கையெழுத்துக் கேட்பார். நான் ஒரு பக்கம், "வருதா? வருதா?" என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஆரம்பத்துலயே அறுந்துடுச்சு. போகட்டும், லாகின் புதுசா போட்டுட்டேன். இப்ப ஓடுது பாரு" என்றார். எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான் மாடிக்குப் போய், மறுநாள் பட்டியலில் முதல் வரியில் வேன்காரர் பெயரை எழுதினேன்.

நாள் முழுக்க மூன்று தடவை லைன் அறுந்தது. லாகின் மணிக்கு ஒரு தடவை காலாவதி ஆகும். அறுந்த பிறகு அப்படியே தொடரப் பார்த்தால், "முடியாது" என்று மெஷின் மறுத்துவிடும். அண்ணி புது லாகின் எடுத்துத் தொடருவார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு டப்பா மூடி திறக்காமலே கிடந்தது. நாலு இருபதுக்கு நூறு சதவீதம் வந்தது. அளவு ஒரு பைட் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நான் கை தட்டினேன். அவர் தட்டவில்லை. கடிதத்தின் அடியில் அறுபத்து நாலு எழுத்தும் எண்ணுமாக ஒரு நீளச் சரம் அச்சடித்திருந்தது. நம்மிடம் வந்த ஃபைலை மெஷினிடம் கொடுத்தால் அதுவும் ஒரு சரம் கணக்குப் போட்டுத் தரும். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஃபைல் சரி. உள்ளே ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தாலும் சரம் அடியோடு வேறாகிவிடும். ஆறு நிமிஷம் கணக்குப் போட்டது. வந்த சரம் வேறு.

மூட்டையைப் பிரித்துப் பார்த்தார். இது மூட்டையே இல்லை என்றது மெஷின்.

"என்ன அண்ணி இது? இருபத்தாறு ஜிபி வந்துச்சே! அளவு சரியா இருக்குன்னீங்களே!"

"அளவு சரியாத்தான் இருக்கு."

"அப்ப என்னதான் கேடு?"

"தெரியல."

"இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கு! ஏழு மணி நேரம் குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருந்து என்னத்த பாத்தீங்க?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அண்ணி கோபப்படவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஃபைலின் கடைசிப் பகுதியைக் கொஞ்சம் எடுத்துக் காட்டச் சொன்னார். கிறுக்கல் மாதிரி என்னென்னவோ வந்தது. "இப்படித்தான் இருக்கணும். படம் எழுத்துல பாத்தா இப்படித்தான் இருக்கும்" என்றார். அப்புறம் முதல் பகுதியைக் காட்டச் சொன்னார்.

அங்கே கிறுக்கல் இல்லை. படிக்கிற மாதிரி எழுத்துகள் இருந்தன. 'உங்கள் நேரம் முடிந்துவிட்டது. தயவுசெய்து மீண்டும் உள்ளே நுழையவும்.'

அண்ணி நாற்காலியில் சாய்ந்தார். "நான்தான்டி" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கும்படி சொன்னார். காலையில் முதல் தடவை ஆரம்பித்தபோது ஒன்றும் அறுந்துபோகவே இல்லை. சூப்பிரண்டு கொடுத்த லாகின் காலாவதியாகி இருந்திருக்கிறது. சர்வர் மூட்டைக்குப் பதிலாக அந்த அறிவிப்புப் பக்கத்தைக் கொடுத்திருக்கிறது, மெஷின் அதையே மூட்டை என்று வாங்கிச் சேர்த்து வைத்திருக்கிறது. ஃபைல் சின்னதாக இருப்பதைப் பார்த்ததும் அண்ணி வழக்கம்போல அறுந்ததாக நினைத்தார். உள்ளே என்ன என்று திறந்து பார்க்கவில்லை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்திருந்தால் ஒரு விநாடி நஷ்டம். அவர் எங்கே முதலிலிருந்து ஆரம்பிப்பார்? தொடரும் கட்டளையைத் தட்டினார். பிற்பாடு மூன்று தடவை அறுந்தபோது பாதி மூட்டையின் வாலில் அந்த அறிவிப்பை ஒட்ட மறுத்த மெஷின், அந்த முதல் தடவை மட்டும் கையில் ஒன்றுமே இல்லாததால் கொடுத்ததை வாங்கிக்கொண்டுவிட்டது.

மாடிக்குப் போய் டாக்டரம்மாவிடம் படம் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாமா என்று கேட்டேன்.

"இரு. எவ்ளோ?" என்றார் அண்ணி.

"என்ன எவ்ளோ?"

"அந்தப் பக்கம் எவ்ளோ பெருசு?"

எண்ணிப் பார்த்தார். ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு பைட். அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, எனக்குச் சொல்கிறாரா தனக்கே சொல்லிக்கொள்கிறாரா என்று தெரியாத குரலில் பேசினார்.

"என் கையில இவ்ளோ இருக்குன்னு நெனச்சு, இதுக்கு அடுத்ததுலேருந்துதான் கேட்டிருக்கு. அப்ப அடுத்ததுலேருந்து கடைசி வரைக்கும் எல்லாம் நெசமான மூட்டைதான். முன்னாடி இருக்கற இந்தத் துணுக்கு மட்டும்தான் பொய். முழுசும் வேண்டாம். இந்தத் துணுக்க மட்டும் கேட்டா?"

கேட்டார். முதல் பைட்டிலிருந்து ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறாவது வரை போதும் என்று தட்டினார். லாகின் மறுபடி காலாவதி. புதிதாக எடுத்தார். சர்வர் யோசித்தது. லைன் ஒரு தடவை சிணுங்கியது. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன். நாலு நாற்பத்தொன்றுக்கு ஒரு குட்டி ஃபைல் வந்து விழுந்தது. இந்தத் தடவை அண்ணி முதல் வேலையாக அதைத் திறந்து பார்த்தார். கிறுக்கல். கிறுக்கலைப் பார்த்து இவ்வளவு சந்தோஷம் எனக்கு வாழ்நாளில் வந்ததில்லை.

"சீக்கிரம் ஒட்டுங்க அண்ணி!"

"இனிமே என்ன சீக்கிரம்? அங்கேருந்து வேண்டியது எல்லாம் வந்தாச்சு. இப்பதான் நிதானமா இருக்கணும்."

அதன் காரணம் அப்புறம் புரிந்தது. டிஸ்கில் இன்னும் பதினோரு ஜிபிதான் இடம், ஃபைலை இன்னொரு பிரதி எடுத்து வைக்க முடியாது. வெளி டிஸ்க் சொருகவும் முடியாது, நோயாளிகள் விவரம் வெளியே போகக் கூடாது என்று துளைகளையே அடைத்து வைத்திருந்தார்கள். இருக்கிற ஒரே ஃபைலின் தலையிலேயே கைவைக்க வேண்டும். அஞ்சு மணிக்கு மேல் உலகத்தில் வேறு எங்கேயும் அது கிடையாது.

அண்ணி நீல நோட்டைப் புரட்டினார். ஒரு ஃபைலின் மேல் இன்னொன்றை எழுதும் கட்டளை இருந்தது. ஆனால் பல மாசமாகத் தொடாதது. எனவே குப்பையாக ஒரு சின்ன ஃபைல் செய்து, அதில் முதல் வார்த்தையை மட்டும் மாற்றிப் பார்த்தார். முதல் வார்த்தை மாறியது. மீதி எல்லாம் காணாமல் போயிருந்தது.

"ஐயோ" என்றேன்.

"பாத்தியா?" என்றார். எழுதி முடித்த இடத்தோடு ஃபைலை வெட்டிவிடுவதுதான் அந்தக் கட்டளையின் வழக்கமாம். வெட்டாதே என்று தனியாக ஒரு சொல் சேர்த்தால்தான் மீதியை விட்டு வைக்கும். அந்தச் சொல்லைச் சேர்த்துக் குப்பை ஃபைலில் மூன்று தடவை செய்து பார்த்தார். மூன்று தடவையும் சரியாக வந்தது. பிறகு நிஜக் கட்டளையைத் தட்டினார். என்டர் பொத்தானை அழுத்தவில்லை.

"நீ படி. ஒவ்வொரு எழுத்தா."

எனக்கு அது என்ன பாஷை என்றே தெரியாது. இருந்தாலும் நோட்டில் ஒரு விரலும் திரையில் ஒரு விரலுமாக ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படித்தேன். வெட்டாதே என்ற சொல் இருந்தது. அண்ணி அழுத்தினார். கண் இமைக்கும் நேரம்கூட ஆகவில்லை. அளவு அப்படியே இருபத்தாறு ஜிபி. மறுபடி சரத்துக்குக் கணக்குப் போடச் சொன்னார். அதே ஆறு நிமிஷம் ஆனது. சரம் வந்ததும் அவர் கடிதத்தைப் பிடித்துக்கொள்ள, நான் திரையைப் பார்த்துப் படித்தேன். அறுபத்து நாலும் பொருந்தியது. போன உயிர் வந்தது எனக்கு.

ஆறு மணிக்கு டாக்டரம்மா வந்து இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார். அஞ்சு வருஷத்துக்கு முன்னால் ஒன்பது மில்லிமீட்டர். இப்போதும் ஒன்பது மில்லிமீட்டர். மறுபடி அளந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நாளைக்கு முதல் கேஸ் அடிச்சிடுங்க" என்றார் என்னிடம். எத்தனையோ ஆயிரம் பெயர் எழுதியிருக்கிறேன், அடித்திருக்கிறேன். அன்றைக்கு அடித்த மாதிரி ஆசையாக எதையும் அடித்ததில்லை.

செய்தி சொல்ல அண்ணியும் கூட வந்தார். வார்டு வாசலில் பெஞ்சில் வேன்காரரும் அவர் பெண்சாதியும் இருந்தார்கள். ஆபரேஷனுக்காக மத்தியானமே அவருக்கு மொட்டை அடித்துவிட்டிருந்தார்கள். டாக்டரம்மா விஷயத்தைச் சொல்லிவிட்டு, "படத்தைத் தேடி எடுத்துக் குடுத்தது இவங்கதான்" என்று அண்ணியைக் காட்டிவிட்டுப் போனார். அந்தப் பெண் எழுந்து வந்து அண்ணியின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஒரு விஷயம் சொல்லணும்" என்றார் அண்ணி.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. முழங்கையில் நறுக்கென்று கிள்ளினேன். கேட்கவில்லை.

"காலைல என் தப்பாலதான் அது கெட்டுப்போச்சு. வந்தது என்னன்னு திறந்து பாக்காம விட்டுட்டேன். நாலரை வரைக்கும் எனக்கே தெரியாது. சரி பண்ண முடிஞ்சுது. முடியாமயும் போயிருக்கலாம்."

அந்தப் பெண் கையை விட்டாள். "முடியாம போயிருந்தா?"

"நாளைக்குக் காலைல இவர உள்ள கூட்டிட்டுப் போயிருப்பாங்க. தேவையே இல்லாம. என்னால."

எனக்கு அங்கேயே அண்ணியை உலுக்க வேண்டும் போலிருந்தது. இந்த மனுஷிக்கு என்ன வந்தது? எல்லாம் நல்லபடி முடிந்த பிறகு யாராவது இப்படிப் போய் மாட்டிக்கொள்வார்களா?

"இத ஏன் எங்ககிட்ட சொல்றீங்க?" என்றாள் அந்தப் பெண். குரலில் கோபம் இருந்தது. "நீங்க சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதே."

"தெரிஞ்சிருக்காதுங்கறதாலதான் சொல்றேன்."

வாசலில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். பெஞ்சின் மேல் இருந்த போன் அடித்தது. வேன்காரர் அதை எடுத்துப் பார்த்தார். மகள். நாலு நாளாக அவள் கூப்பிட்டால் போனைப் பெண்சாதியிடம்தான் நீட்டுவாராம். அன்றைக்குத் தானே காதில் வைத்துக்கொண்டார்.

"நான்தான்" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆமா, அப்பாதான் பேசறேன். ஆபரேஷன் இல்லையாம்மா... இல்லடா, நெசமாத்தான். அப்பா பேசறது கேக்குதா? கேக்குதுல்ல?"

அந்தப் பெண் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அண்ணியைப் பார்க்காமலே, "உக்காருங்க" என்றாள்.

அண்ணி உட்கார்ந்தார். பதினேழு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவர் அழுது பார்த்தேன். வேன்காரர் பேசிக்கொண்டே இருந்தார்.